வாளியில் நின்ற தண்ணீர்

அத்தியாயம் 9

“பாஸ், நான் செத்தா என்னைத் தகனம் பண்ண வேண்டாம். ஏற்கெனவே முக்கால்வாசி வெந்தாச்சு.”

சிப்கே கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்து, அதைப் பிழிந்தே காட்டினான். ஹெஸ்டர் வோங்க் நடையை நிறுத்தித் திரும்பி முறைத்தாள்.

“நாளைக்குப் பதினோரு மணிக்குப் புருஷனைத் தகனம் பண்ணப் போற அம்மா அதோ உட்கார்ந்திருக்காங்க. உன் வாய்க்குக் கொஞ்சம் லீவு குடு.”

“குடுத்துட்டேன். சம்பளத்தோடயா, சம்பளம் இல்லாமலா?”

மணி மூன்றேகால். ட்ரெந்தே மாகாணத்துப் பைன் காட்டுக்குள் இருந்த அந்தக் கோடை விடுமுறைக் கூடார முகாமில் பத்து நாளாக வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. ஹெஸ்டர் போலீஸ் வேலையை உதறிவிட்டுத் தனியாகத் துப்பறிய ஆரம்பித்துப் பன்னிரண்டு வருடம். அதில் ஒன்பது வருடமாக சிப்கே கூடவே இருக்கிறான். நாற்பதை நெருங்கியும் அவன் வாய் ஓயவில்லை. அது ஓய்ந்தால் தனக்கு வேலையே ஓடாது என்பதை அவள் ஒருநாளும் அவனிடம் சொன்னதில்லை.

பதினேழாம் எண் கூடாரத்தின் வாசலில், மடக்கு நாற்காலியில் ஃபெமி உட்கார்ந்திருந்தாள். அறுபத்தெட்டு வயது. மடியில் ஒரு ஆணின் துணித் தொப்பி. அவள் கணவர் லம்மர்ட் போன வியாழக்கிழமை இந்தக் கூடாரத்துக்குள்தான் வெந்து செத்தார். வேறு நாசூக்கான வார்த்தை ஹெஸ்டருக்குக் கிடைக்கவில்லை, தேடவும் பிடிக்கவில்லை.

இரண்டு வருடம் முன்பு பக்கவாதம் வந்ததிலிருந்து லம்மர்டால் தானாகக் கட்டிலை விட்டு எழ முடியாது. குரலும் காற்றாகத்தான் வரும். போன குளிர்காலத்தில் வண்டு அரித்ததென்று முகாம்காரர்கள் இந்த வரிசையின் மரங்களை வெட்டிவிட்டார்கள். வேறு இடத்துக்கு மாறலாமே என்றால் இரண்டு பேருமே கேட்கவில்லை. முப்பத்தொரு வருடமாகக் கோடைக்குக் கோடை அதே பதினேழு. அதனால் கூடாரத்துக்கென்றே ஒரு சின்ன ஏசி வாங்கினார்கள். ஒரு பாதி கட்டிலுக்குப் பக்கத்தில், இன்னொரு பாதி துணிச்சுவருக்கு வெளியே, நடுவில் ஒரு குழாய்.

வியாழக்கிழமை மதியம் அந்த ஏசி நின்றுபோயிருந்தது. போலீஸ்காரர் வந்து பார்த்தபோது பிளக் அதனிடத்தில் பத்திரமாக இருந்தது. பொத்தானை அழுத்தியதும் இயந்திரம் ஜோராக ஓடியது. அப்படியானால் யாரோ கையால்தான் அணைத்திருக்க வேண்டும். அங்கே இருந்தது ஃபெமி ஒருத்திதான்.

“சாஸ்கியா அஞ்சு மணிக்கு வரா,” என்றாள் ஃபெமி. சாஸ்கியா, லம்மர்டின் மூத்த தாரத்து மகள். “அப்பா சாமானை எடுத்துட்டுப் போக. அதுக்குள்ள ஒரு பதில் இல்லேன்னா, நாளைக்கு மண்டபத்து வாசல்லயே என்னை நிறுத்திடுவாளாம். பேரப்பிள்ளைங்களையும் இனிமே கண்ணுல காட்ட மாட்டாளாம்.”

“நீங்க அணைக்கலன்னு அவகிட்ட சொன்னீங்களா?”

ஃபெமி தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“எப்படிச் சொல்வேன் ஹெஸ்டர்? அதுதானே என் கஷ்டமே! வெளியில கிளம்பும்போது விளக்கு, ஹீட்டர், எது ஓடினாலும் அணைச்சுட்டுக் கிளம்புறது நாப்பது வருஷப் பழக்கம். ஒரு அறையில ஆள் இல்லாம பல்பு எரிஞ்சா எனக்குத் தூக்கம் வராது. நான் யோசிக்காமலே கை பாட்டுக்கு அணைச்சிருந்தா?” அவள் வலது கையை வேறு யாருடையதோ மாதிரி தூக்கிப் பார்த்தாள். “இந்தக் கையா, இல்லையா? அதை மட்டும் கண்டுபிடிச்சுச் சொல்லுங்க. நான்தான்னா நானே நாளைக்குப் போக மாட்டேன்.”

“வியாழக்கிழமையை இன்னொரு தடவை சொல்லுங்க. எதையும் விடாதீங்க.”

“ரெண்டு மணிக்கு அவர் படுத்தார். ரெண்டுல இருந்து நாலு வரைக்கும் தூங்குவார். ஏசியோட தண்ணி வடியற வாளியைக் காலி பண்ணி வெச்சுட்டு, சைக்கிள்ல ஊருக்குள்ள போனேன், மோர் வாங்க. அவருக்கு மோர்னா உயிர். மூணுக்கு அஞ்சு நிமிஷம் இருக்கும்போது திரும்பி வந்தேன். பக்கத்துக் கூடாரத்து ட்ரூஸ், வாடி ஃபெமி, ஒரு வாய் காபி குடிச்சுட்டுப் போன்னா. அவர்தான் தூங்குறாரேன்னு உட்கார்ந்தேன். ரேடியோல சைக்கிள் பந்தயம் ஓடிட்டிருந்தது. கடைசி பத்து கிலோமீட்டர், நம்ம ஊர்ப் பையன் ஒருத்தன் தனியா பிச்சுக்கிட்டுப் போனான். ஒரு வார்த்தை விடாம கேட்டேன். ரெண்டு வருஷத்துல அப்படி நிம்மதியா உட்கார்ந்ததே இல்ல.” அவள் தொப்பியை இரண்டாக மடித்தாள். “நாலு மணிக்கு உள்ள போனா… அனலா அடிச்சுது. இருபது நிமிஷம் முன்னாடி பார்த்திருந்தா பொழைச்சிருப்பார்னு டாக்டர் சொன்னார்.”

“ட்ரூஸ் வீட்டுக் காபியைப் பத்திப் போலீஸ்கிட்ட சொன்னீங்களா?”

“சொன்னேன். ட்ரூஸ்கிட்டயும் கேட்டாங்க. நான் வந்தேன் போனேன், எத்தனை மணின்னு ஞாபகம் இல்லன்னுட்டா. பாவம், அவளும் ஆடிப்போயிட்டா.”

சிப்கே கூடாரத்தின் பின்பக்கத்திலிருந்து தலையை நீட்டினான். கையில் ஒரு வாளி.

“பாஸ், இந்த வாளிக்கு யாரு ஸ்கேல் போட்டது?”

வாளியின் உட்பக்கத்தில் கறுப்பு மையில் எட்டுக் கோடுகள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு எண்.

“அவர்தான்,” என்றாள் ஃபெமி. “முப்பத்தெட்டு வருஷம் கால்வாய்ல தண்ணி மட்டம் பார்க்கிற வேலை. ரிடையர் ஆனாலும் விடல. ஏசி ஒரு மணி நேரம் ஓடினா ஒரு கோடு. அவர் சொல்லச் சொல்ல நான் வரைஞ்சேன். சாயங்காலம் எத்தனை கோடுன்னு நான் போய்ப் பார்த்துச் சொல்லணும். அதுல அவருக்கு ஒரு சந்தோஷம்.”

ஹெஸ்டரும் சிப்கேயும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

முகாம் மேலாளர் பெரெண்ட் அன்றைக்குப் போலீஸ் வந்து எதையும் தொடுவதற்கு முன்பே, கூடாரத்தைச் சுற்றித் தன் போனில் எட்டுப் படங்கள் எடுத்திருந்தான். வரவேற்பறை மேஜையில் முழங்கையை ஊன்றி ஒவ்வொன்றாகத் தள்ளினாள் ஹெஸ்டர். ஆறாவது படத்தின் ஓரத்தில் வாளி.

“பெரிசு பண்ணு.”

தண்ணீர் முதல் கோட்டைத் தொட்டுக்கொண்டு நின்றது.

“ஒரு கோடு, ஒரு மணி நேரம்,” என்றான் சிப்கே. “ரெண்டு மணிக்குக் காலி வாளி. அப்போ மூணு மணி வரைக்கும் ஏசி ஓடியிருக்கு. அந்தம்மா கிளம்பும்போது அணைக்கல! ஜெயிச்சுட்டோம் பாஸ். வாங்க, குளிர்ந்த பீர் ஒண்ணு.”

“உட்காரு. அவங்க மூணுக்கு அஞ்சு நிமிஷம் இருக்கும்போது திரும்பி வந்தாச்சு. வந்து, உள்ள போய் அணைச்சுட்டு, அப்புறம் ட்ரூஸ் வீட்டுக்குப் போனாங்கன்னு சாஸ்கியா சொல்லுவா. ட்ரூஸுக்கோ மணி ஞாபகம் இல்ல.”

“பீரைத் தட்டி விடுறதுல உங்களை அடிச்சுக்க ஆளே இல்ல.”

“பெரெண்ட், அந்தக் கரண்டுப் பெட்டியைக் கொஞ்சம் காட்டுறியா?”

பதினேழுக்கும் பதினெட்டுக்கும் நடுவில், இடுப்பளவு உயரத்தில் நின்றது அந்தச் சாம்பல் நிறப் பெட்டி. நாலு கூடாரத்துக்கு நாலு நீலப் பிளக். ஃபெமியின் நாற்காலி காலியாக இருந்தது, முகாமின் பொதுக் குளியலறைக்குப் போயிருந்தாள்.

“பழைய பெட்டி மேடம்,” என்றான் பெரெண்ட், குற்றம் தன்னுடையது மாதிரி. “நாலுக்கும் சேர்த்து ஒரே ஃபியூஸ். ஏசி ஓடும்போது எவனாவது எலெக்ட்ரிக் கெட்டிலைப் போட்டா டப்புனு போயிடும். சாவி என்கிட்ட மட்டும்தான். ஜூன் மாசம் பூரா காலையில பத்தரை மணியானா போதும், எனக்கு ஓட்டம்தான். மொத்த நாடும் காபி குடிக்கிற நேரம்.”

“இப்போ?”

“இப்போ ஓடுறதில்ல. வரிசைக்குள்ளயே பேசிக்கிட்டாங்க. காலைக் காபிக்குக் கெட்டில் போடுறவங்க பதினேழாம் பிளக்கை உருவிடுவாங்க. மூணு நிமிஷம். தண்ணி கொதிச்சதும் திரும்பச் சொருகிட்டு, ‘சொருகியாச்சு’ன்னு ஒரு சத்தம் குடுப்பாங்க. லம்மர்டே சரின்னுதான் சொன்னார். அந்நேரம் அவர் சக்கர நாற்காலியில வெளியிலதான் இருப்பார்.”

“மத்தியானம்?”

“ஐயையோ, மத்தியானம் அந்தப் பிளக்கை யாரும் தொடக் கூடாது. அதான் பேச்சு. மத்தியானம் எல்லாருக்கும் காஸ் அடுப்புதான்.”

“எதுக்கு அந்தச் சத்தம்?” என்று கேட்டாள் ஹெஸ்டர். “சொருகினா அது பாட்டுக்கு ஓடாதா?”

பெரெண்ட் விழித்தான். அதற்குள் சிப்கே கூடாரத்துக்குள் ஓடி ஏசியைப் போட்டுவிட்டு வந்து, குனிந்து பதினேழாம் பிளக்கை உருவி, பத்து எண்ணி, மறுபடி சொருகினான். பிறகு ஓடிப்போய்க் கூடாரத்துக்குள் எட்டிப் பார்த்தான்.

“செத்த மாதிரி கிடக்கு பாஸ்! பொத்தானை அழுத்தினாத்தான் உயிர் வருது. கரண்டு போச்சுன்னா போனதுதான், திரும்ப வந்தாலும் தானா ஓடாது.”

ஹெஸ்டர் அந்த நீலப் பிளக்கையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிளக் சொருகியிருந்தது, இயந்திரம் பழுதில்லை, ஆகவே கையால் அணைத்தது. போலீஸ்காரர் போட்ட கணக்கு எத்தனை சுலபம்! அந்தச் சுலபத்தால் ஒரு மனுஷி ஐந்து நாளாகத் தன் கையையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

“வியாழக்கிழமை ஃபியூஸ் போச்சா பெரெண்ட்?”

“இல்லவே இல்ல.”

“வெள்ளிக்கிழமை யாராவது காஸ் சிலிண்டர் மாத்தினாங்களா?”

“ட்ரூஸ் மாத்தினா. காலையில ஏழரைக்கு நான் ஷட்டரைத் தூக்குறேன், காலி சிலிண்டரை உருட்டிக்கிட்டு வந்து நிக்கிறா. அழுத முகம்.”

பெரெண்ட் போனதும் சிப்கே மெல்லிய குரலில் கேட்டான். “முப்பத்தொரு வருஷச் சிநேகிதியோட புருஷன் செத்த மறுநாள், விடிஞ்சதும் முதல் வேலையா சிலிண்டர் மாத்துறது யாரு பாஸ்?”

“முந்தின நாள் காஸ் தீர்ந்துபோனவ.”

ட்ரூஸ் தன் கூடாரத்துக்கு முன்னால் துணிப் பந்தலின் நிழலில் உட்கார்ந்து குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். ஒரு கட்டம்கூட நிரம்பியிருக்கவில்லை. இவர்களைப் பார்த்ததும் எழுந்து, கேட்காமலே இரண்டு கோப்பைகளை எடுத்து வைத்தாள். பிஸ்கட் டப்பாவைத் திறந்து ஆளுக்கு ஒன்று எடுக்கவிட்டு, உடனே மூடினாள்.

“பிஸ்கட்டுக்கு வெயில் பட்டுடுமேன்னு மூடிட்டீங்களா?” என்றான் சிப்கே.

“வாய்க்கொழுப்புடா தம்பி உனக்கு,” என்றாள் ட்ரூஸ். ஆனால் சிரிக்கவில்லை.

“ட்ரூஸ், உங்க ரேடியோவைக் கொஞ்சம் போடுங்களேன்,” என்றாள் ஹெஸ்டர். “அன்னிக்கு வெச்ச அதே சத்தத்துல.”

ரேடியோவில் எவனோ தக்காளி விளைச்சலைப் பற்றிப் பேசினான். ஹெஸ்டர் கண் காட்ட, சிப்கே பதினேழுக்குள் போய்ப் பொத்தானை அழுத்தினான். கூடாரத்துக்கு வெளியே தொங்கிய பாதி உறுமிக்கொண்டு எழுந்தது. தக்காளிக்காரனின் உதடுகள் மட்டும்தான் எங்கோ அசைந்துகொண்டிருக்க வேண்டும், ஒரு எழுத்தும் காதில் விழவில்லை.

ஹெஸ்டர் கையை ஆட்டினாள். ஏசி நின்றது. தக்காளி திரும்பி வந்தது.

“ஃபெமி இதே நாற்காலியில உட்கார்ந்து பந்தயத்தோட கடைசி பத்து கிலோமீட்டரை ஒரு வார்த்தை விடாம கேட்டாங்களாம். எப்படிக் கேட்டாங்க ட்ரூஸ்?”

ட்ரூஸ் ரேடியோவை அணைத்தாள். விரல் அந்தக் குமிழை விட்டு நகரவில்லை.

“காஸ் தீர்ந்துபோச்சு,” என்றாள். “பால் மாதிரி வெளுத்த முகத்தோட சைக்கிள்ல வந்து இறங்கினா. அந்த வெயில்ல அவ விழுந்துடுவாளோன்னு இருந்துச்சு. மூணு நிமிஷம்தானேன்னு உருவினேன்.”

“அப்புறம் சொருகல.”

“ரெண்டு தடவை கெட்டில் வெச்சேன். நடுவுல எதுக்குச் சொருகி உருவணும், எல்லாம் சேர்த்துச் சொருகிக்கலாம்னு விட்டுட்டேன். பந்தயம் வேற. உட்கார்ந்தா எழுந்துக்க மனசு வரல. அவ உள்ள போய்க் கத்தினப்போதான்…” அவள் முகத்தை மூடிக்கொண்டாள். “ஓடிப்போய்ச் சொருகினேன். யாரும் பார்க்கல. ஆளுங்க எல்லாம் அங்க ஓடிக்கிட்டிருந்தாங்க.”

“அவங்க அஞ்சு நாளா, நானா கொன்னேன், நானா கொன்னேன்னு உட்கார்ந்திருக்காங்க. நீங்க பத்தடியில உட்கார்ந்து குறுக்கெழுத்துப் போடுறீங்க!”

ஹெஸ்டர் கோப்பையைத் தள்ளி வைத்தாள். இத்தனை வருடத் தொழிலில் கத்தியை எடுத்தவர்களைப் பார்த்திருக்கிறாள், விஷம் வைத்தவர்களைப் பார்த்திருக்கிறாள். வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருப்பவர்கள்தான் அவளுக்குத் தாங்க முடியாதவர்கள்.

ட்ரூஸ் கையை எடுத்தாள். கண்ணில் கோபம் இருந்தது.

“என்னைக் காப்பாத்திக்கத்தான் மூடிக்கிட்டு இருந்தேன்னு நினைக்கிறீங்க. ஆமா, அதுவும்தான். நான் ஒண்ணும் தேவதை இல்ல. ஆனா நீங்க கெட்டிக்காரிதானே? அன்னிக்கு அந்தத் தண்ணியை யாருக்காகக் கொதிக்க வெச்சேன்? அதை யோசிச்சீங்களா? நான் அணைச்சேன்னு அவளுக்குத் தெரிஞ்சா, எதுக்கு அணைச்சேன்னும் தெரியும். நான் என்னன்னு சொல்லுவேன்?”

ஹெஸ்டர் யோசித்திருந்தாள். ஆனால் அந்தக் காபியை அவள் சாட்சியாக மட்டும்தான் பார்த்திருந்தாள், ஒரு நல்ல, உறுதியான சாட்சியாக. இப்போதுதான் அது உறைத்தது.

திரும்பி நடக்கும்போது சிப்கே கரண்டுப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றான்.

“மணியைச் சொல்லாம விட முடியாதா பாஸ்?”

“மணியைச் சொன்னாத்தான் சாஸ்கியா நம்புவா. அவங்க மூணு மணிக்கு எங்க இருந்தாங்கன்னு சொல்லணும்.”

“அந்தம்மாவுக்கும் தெரிஞ்சுடுமே, அதான் கேட்டேன்.”

ஐந்து அடிப்பதற்கு முன்பே சாஸ்கியா வந்துவிட்டாள். கையில் இரண்டு காலிப் பைகள். ஃபெமியைப் பார்க்காமல் ஹெஸ்டரைப் பார்த்தே பேசினாள்.

“சொல்லுங்க. இவங்களா, இல்லையா?”

“இல்ல,” என்றாள் ஹெஸ்டர். “இவங்க கை படல. கரண்டுப் பெட்டியில பிளக்கை உருவினது ட்ரூஸ். அவங்களே ஒத்துக்கிட்டாங்க, போலீஸ்கிட்டயும் சொல்றேன்னு இருக்காங்க. திரும்பச் சொருகினாலும் இந்த ஏசி தானா ஓடாது. உங்க அப்பா போட்ட கோடே சாட்சி. இவங்க அந்த நேரம் கூடாரத்துக்குள்ள போகவே இல்ல.”

சிப்கே போனில் படத்தைக் காட்டினான். சாஸ்கியா அந்த முதல் கோட்டையும் தன் அப்பா எழுதச் சொன்ன எண்ணையும் வெகுநேரம் பார்த்தாள். பைகள் கையிலிருந்து நழுவி விழுந்தன.

“நான் பேசினதெல்லாம்…” என்று ஆரம்பித்தவள் ஃபெமியின் நாற்காலிக்கு முன்னால் மண்டியிட்டாள். “நாளைக்கு நீங்க முன் வரிசையில உட்காரணும். பிள்ளைங்களும் உங்க பக்கத்துலதான் உட்காருவாங்க.”

ஃபெமி தன் வலது கையை மெல்லத் தொப்பியின் மேல் வைத்தாள். ஐந்து நாளில் முதல் தடவையாக அவள் முகத்தில் ரத்தம் ஓடியது. “என் கை இல்ல,” என்றாள். “என் கை இல்லையாம் லம்மர்ட்.” சாஸ்கியா குலுங்கி அழுதாள்.

ஹெஸ்டர் புறப்படத் திரும்பினாள். இதோடு போய்விட வேண்டும், சீக்கிரம்.

“எத்தனை மணிக்கு உருவினா?” என்றாள் ஃபெமி பின்னாலிருந்து.

ஹெஸ்டர் சிப்கேயைப் பார்த்தாள். ஒன்பது வருடத்தில் எந்த இடத்திலும் அவனுக்கு ஒரு வார்த்தை கிடைக்காமல் போனதில்லை. இப்போது அவன் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

“மத்தியானம்,” என்றாள் ஹெஸ்டர். “சரியா எத்தனைன்னு…”

ஃபெமி போனை வாங்கிப் படத்தைப் பார்த்தாள். அந்தக் கோடுகளை வரைந்ததே அவள்தான்.

“ஒண்ணாம் கோடு. மூணு மணி.” அவள் தலையைத் திருப்பிப் பக்கத்துப் பந்தலைப் பார்த்தாள். அங்கே இரண்டு நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. “அதான் ரேடியோ அவ்வளவு நல்லா கேட்டுச்சு. எவ்வளவு அமைதியா இருக்குன்னு நான் சந்தோஷப்பட்டேன் ஹெஸ்டர்.”

“ஃபெமி, காபி குடுத்தது அவங்க. கூப்பிட்டதும் அவங்க. நீங்க எதுவும்…”

“மூணேகாலுக்கே எழுந்துட்டேன். மோர் சூடாயிடும், போறேன்னு கிளம்பிட்டேன். அப்புறம் பந்தயம் முடியட்டுமேன்னு மறுபடி உட்கார்ந்தேன்.” ஃபெமியின் கை தொப்பியை விட்டு எழுந்து, ஒரு கோப்பையை நீட்டுவது மாதிரி அந்தரத்தில் நின்றது. “ரெண்டாவது கப் நான்தான் கேட்டேன்.”